வெப்பம் தாங்கும் ரெசின்: பெங்களூர் காம்போசிட் ஷாப்புக்குப் புதிதாக வருபவர்களுக்கு

பீன்யா, பொம்மசந்திரா, ஜிகணி பக்கம் எந்த காம்போசிட் ஷாப்புக்குள், அதாவது நாரை ரெசின் என்ற பிசினில் தோய்த்து இறுகவைத்துப் பாகம் செய்யும் பட்டறைக்குள், போனாலும் கன்னடத்துக்கும் இந்திக்கும் நடுவில் தர்மபுரித் தமிழோ சேலத்துத் தமிழோ காதில் விழும். டிப்ளமோவையோ பாலிமர் இன்ஜினியரிங்கையோ முடித்துவிட்டு ஓசூர் வழியாக இங்கே வந்து சேருகிற பிள்ளைகள் நிறைய. கண்ணாடி நாரும் பாலியெஸ்டர் ரெசினும் அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். தண்ணீர்த் தொட்டி, கூரை ஷீட், பஸ்ஸின் முன்முகம் என்று எங்கேயாவது கைவைத்திருப்பார்கள். இங்கே வந்த முதல் வாரத்திலேயே "இது 180 டிகிரி சிஸ்டம்", "அது பிஎம்ஐ, ஓவன் சூடு பத்தாது" என்று பேச்சு அடிபடும்போதுதான் முழிக்கிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்காக.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டேட்டாஷீட்டின் தலையில் போட்டிருக்கும் வெப்பநிலை, நீங்கள் செய்யும் பாகத்தின் வெப்பநிலை அல்ல. நீங்கள் எப்படிக் கலந்தீர்கள், எவ்வளவு நேரம் வேகவைத்து இறுகவைத்தீர்கள் (க்யூர்), அதற்குப் பிறகு பாகம் எவ்வளவு ஈரத்தை உறிஞ்சியது என்பதெல்லாம் சேர்ந்துதான் அந்த எண்ணை முடிவு செய்யும். விலை கூடிய ரெசினை அரைகுறையாக வேகவைத்தவனைவிட, சாதாரண எபாக்ஸியை ஒழுங்காக போஸ்ட் க்யூர் (இறுகியபின் மேலும் சூட்டில் வைப்பது) செய்தவனிடமே நல்ல பாகம் இருக்கும்.

வேலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்

"சார், 200 டிகிரி தாங்கணும்" என்று வாடிக்கையாளர் சொல்வார். அதை வைத்துக்கொண்டு ரெசின் தேர்வு செய்ய முடியாது. 200 டிகிரியில் பத்து நிமிடம் இருக்கப்போகிறதா, வருடக்கணக்கில் இருக்கப்போகிறதா? அந்தச் சூட்டில் சுமை ஏறுமா, சும்மா மூடியாக நிற்குமா? காற்று படுமா? மழையிலும் பனியிலும் கிடந்துவிட்டு உடனே சூடேறுமா? மின்சாரம், ரேடார் அலை ஏதாவது அதன் வழியே போகவேண்டுமா?

நேரம்தான் இதில் பெரிய கேள்வி. ராக்கெட் நாசிலின் உள்பூச்சாக இருக்கும் கார்பன்-பினாலிக் (கார்பன் நாரும் பினாலிக் ரெசினும் சேர்ந்தது) சில ஆயிரம் டிகிரி வாயுவைச் சந்திக்கிறது. ஆனால் சந்திப்பது சில நிமிடங்களுக்குள்தான். தன் மேற்பரப்பைக் கரியாக்கிக் கொடுத்து உள்ளே இருப்பதைக் காப்பாற்றுகிறது. அதே பினாலிக்கை 300 டிகிரி காற்றில் மாதக்கணக்கில் வைத்தால் ஆக்சிஜன் மெல்ல மெல்ல அதைத் தின்றுவிடும். எடை குறையும், மேலே பொடி தட்டும், பிறகு விரிசல் விடும். ஆகவே தாங்குதல் இரண்டு வகை என்று வைத்துக்கொள்ளுங்கள். சூடானால் இளகாமல் நிற்பது ஒன்று, நீண்ட நாள் சூட்டில் சிதையாமல் இருப்பது இன்னொன்று. முதலாவதில் நன்றாக இருக்கும் ரெசின் இரண்டாவதிலும் நன்றாக இருக்கும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

டிஜி என்கிற எண்

தெர்மோசெட் ரெசின் ஒருமுறை இறுகிவிட்டால் மறுபடி உருகாது. மூலக்கூறுகள் ஒன்றோடொன்று குறுக்கே பிணைந்து வலையாகிவிடுகின்றன. உருகாது என்றாலும் இளகும். ஒரு வெப்பநிலைக்கு மேல் கண்ணாடி போல் விறைப்பாக இருந்தது ரப்பர் போல் தொய்ந்துவிடும். அந்த எல்லையைத்தான் ஷாப்பில் எல்லோரும் டிஜி என்கிறார்கள். கார்பன் நாருக்கு இந்தச் சூடெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. நாரை நேராகப் பிடித்துக்கொண்டிருக்கும் ரெசின் தொய்ந்தால், அழுத்தத்தில் நார் மடங்கிப் பாகம் போய்விடும்.

டிஜி எவ்வளவு என்று கேட்டு ஒரு எண் வந்ததும் குறித்துக்கொண்டு போய்விடாதீர்கள். அந்த எண்ணோடு மூன்று கேள்விகள் ஒட்டியிருக்கின்றன. எந்த முறையில் அளந்தது? எந்த க்யூருக்குப் பிறகு அளந்தது? உலர்ந்த மாதிரியா, ஈரம் குடித்த மாதிரியா?

அளவு முறையை எடுத்துக்கொள்வோம். டிஎம்ஏ என்ற கருவியில் மாதிரியை ஆட்டிக்கொண்டே சூடேற்றுவார்கள். அதன் ஒரே வரைபடத்திலிருந்து மூன்று டிஜி எடுக்கலாம். விறைப்பு குறையத் தொடங்கும் இடம் ஒன்று, இழப்பு மாடுலஸின் (ஆட்டத்தில் வீணாகும் ஆற்றலின் அளவு) உச்சம் ஒன்று, டான் டெல்டாவின் (அந்த இழப்புக்கும் விறைப்புக்கும் உள்ள விகிதம்) உச்சம் ஒன்று. கடைசி எண் முதலாவதைவிடப் பத்து இருபது டிகிரி கூடுதலாக வருவது சாதாரணம். விற்பவருக்கு எது பிடிக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. வடிவமைப்புக்கு விறைப்பு குறையத் தொடங்கும் இடத்தையே எடுங்கள்.

அடுத்தது ஈரம். எபாக்ஸி காற்றிலிருக்கும் ஈரத்தை மெதுவாக உறிஞ்சும். பாகத்தின் எடையில் ஒன்றிரண்டு சதவீதம்தான் இருக்கும், ஆனாலும் டிஜி விழும். விமானத் துறையில் உலகெங்கும் புழங்கும் ஹெக்ஸ்ப்ளை 8552 பிரிப்ரெக்கின் (எபாக்ஸி ஏற்கெனவே தோய்த்து வரும் நார்த் துணி) டேட்டாஷீட்டைப் பாருங்கள். உலர்ந்த டிஜி 200 டிகிரி, ஈர டிஜி 154. விமான வடிவமைப்பில் ஒரு வழக்கம் இருக்கிறது: ஈர டிஜியிலிருந்து 28 டிகிரி கழித்து வருவதுதான் பாகத்தை ஓட்டக்கூடிய மேல் எல்லை. 154-இல் 28 போனால் 126. அந்த டேட்டாஷீட்டும் 121 டிகிரி வரைதான் பயன்படுத்தச் சொல்கிறது. 200 என்று தொடங்கியது 121-இல் வந்து நிற்கிறது. இந்தக் கணக்கை ஒருமுறை நீங்களே தாளில் போட்டுப் பார்த்துவிட்டால் டேட்டாஷீட் படிக்கும் பழக்கமே மாறிவிடும்.

எந்த ரெசின், எதற்கு

120 டிகிரிக்குள் முடிகிற வேலை என்றால் எபாக்ஸியைத் தாண்டி யோசிக்கவே வேண்டாம். கற்றுக்கொள்ளும் இடங்களில் அதிகம் பார்ப்பது எல்ஒய்556 ரெசினும் எச்ஒய்951 ஹார்டனரும் (ரெசினோடு கலந்து அதை இறுகவைப்பது), அல்லது லாபாக்ஸ் எல்-12-உம் கே-6-உம். அறைச் சூட்டிலேயே இறுகுபவை, கைப்பழக்கத்துக்கு நல்லவை, சூட்டுக்கு ஆகாதவை. சூடு தாங்க வேண்டுமானால் ஹார்டனர் மாறவேண்டும். டிடிஎம், டிடிஎஸ் போன்ற அரோமாட்டிக் அமீன்கள் அடுப்பில் வைத்தால்தான் வேலை செய்யும், பதிலுக்கு டிஜியை வெகுவாக உயர்த்தும். ரெசினையும் மாற்றி, ஒரு மூலக்கூறில் நான்கு எபாக்ஸி முனைகள் கொண்ட வகையை டிடிஎஸ்ஸோடு சேர்த்தால் உலர்ந்த டிஜி 200-ஐத் தாண்டிவிடும். விமானத் தர எபாக்ஸிகளில் பெரும்பாலானவற்றின் அடிப்படை இதுதான். நம் தேஜஸ் விமானச் சட்டகத்தில் எடைக்கணக்கில் சுமார் 45 சதவீதம் காம்போசிட். அதில் பெரும்பங்கு கார்பனும் எபாக்ஸியும்தான். போர் விமானத்துக்கே எபாக்ஸி போதுகிறது என்றால், உங்கள் ட்ரோன் மோட்டார் மவுண்டுக்கு, இதைவிட மிக அதிக சூடு தாங்கும் பாலிஇமைடு கேட்பவரிடம் காரணம் கேட்பதில் தப்பில்லை.

பினாலிக் எல்லாவற்றுக்கும் மூத்தது. லியோ பேக்லாண்ட் 1907-இல் உருவாக்கிய பேக்லைட்டின் வாரிசுகள்தான் குக்கர் கைப்பிடியும் பழைய கருப்பு சுவிட்சும். எலெக்ட்ரிக்கல் கடையில் ஹைலம் ஷீட் என்று கேட்டு வாங்குவோமே, அதுவும் இந்தக் குடும்பம்தான். தீப்பிடித்தால் புகை குறைவு, சுடரை ஏந்தாது, எரிந்தாலும் எடையில் பாதிக்கு மேல் கரியாக நிற்கும். பிரேக் பேடு, ரயில் பெட்டி உள்பலகை, ராக்கெட் நாசில் எல்லாவற்றிலும் இருப்பது இதனால்தான். தொல்லை என்னவென்றால் இறுகும்போது தண்ணீர் வெளியே வரும். அந்த ஆவி போக வழியில்லை என்றால் பாகம் முழுக்க ஓட்டைதான். பிரஸ்ஸில் அடிப்பவர்கள் நடுவில் ஒரு கணம் திறந்து ஆவியை விட்டு மூடுவார்கள், பிரீதிங் என்பார்கள். எப்போது திறப்பது என்பது புத்தகத்தில் கிடைக்காது, பிரஸ்காரரிடம் நின்றுதான் கற்றுக்கொள்ளவேண்டும்.

பென்சாக்சசின் பினாலிக்கின் நல்ல குணங்களோடு வருகிறது, இறுகும்போது எதையும் வெளியே விடாது, சுருக்கமும் ஏறத்தாழ இல்லை. நொறுங்கும் தன்மைதான் குறை.

150-க்கு மேல் 220, 230 வரை தொடர்ந்து ஓடவேண்டும், சுமையும் இருக்கிறது என்றால் பிஎம்ஐ, அதாவது பிஸ்மேலிமைடு. எஃப்-22 போர் விமானத்தின் கட்டமைப்பில் இருப்பது இது. எபாக்ஸி போலவே பிரிப்ரெக்காக வரும், எபாக்ஸி போலவே அடுக்கலாம், ஆட்டோகிளேவில் (அழுத்தமும் கொடுக்கும் ஓவன்) 180-190 டிகிரியில் க்யூர் ஆகும். அதனால்தான் எபாக்ஸியிலிருந்து ஏறுபவருக்கு இது அடுத்த படியாகச் சுலபம். வித்தியாசம் அதற்குப் பிறகு. 220 முதல் 250 டிகிரி வரை மணிக்கணக்கில் போஸ்ட் க்யூர் கொடுக்காவிட்டால் பிஎம்ஐ வாங்கிய காசு வீண். இன்னொன்று: கார்பன்-பிஎம்ஐ பாகத்தை அலுமினியத்தோடு நேரடியாகப் போல்ட் போட்டு ஈரத்தில் விட்டால், மின்வேதி அரிப்பில் அலுமினியம் கரைவதோடு, அங்கே உண்டாகும் காரம் பிஎம்ஐயையும் அரிக்கும். நடுவில் கண்ணாடித் துணி ஒரு அடுக்கு வையுங்கள்.

ரேடார் அலை கடந்துபோக வேண்டிய ரேடோம் (ரேடாரை மூடும் கூடு), சூட்டிலும் குளிரிலும் வடிவம் மாறக்கூடாத செயற்கைக்கோள் உறுப்பு என்றால் சயனேட் எஸ்டர். மின்கடத்தாப் பண்பு நல்லது, ஈரம் குறைவாகவே குடிக்கும். ஆனால் இறுகுவதற்கு முன்னால் ஈரம் அதற்குப் பரம எதிரி. தண்ணீர் பட்டால் வினைபுரிந்து கரியமில வாயு விடும், பாகம் கொப்பளிக்கும். பெங்களூர் மழைக்காலத்தில் துணியை உலர்த்தாமல் சயனேட் எஸ்டரில் கைவைக்காதீர்கள்.

அதற்கும் மேலே பாலிஇமைடு. இதில் பெயர் போனது பிஎம்ஆர்-15. நாசாவின் லூயிஸ் ஆய்வு மையத்தில் 1970-களின் தொடக்கத்தில் உருவானது, சுமார் 290 டிகிரியில் ஆயிரக்கணக்கான மணி நேரம் நிற்கும், க்யூர் வெப்பநிலையே 315. தேஜஸில் ஓடும் எஃப்404 குடும்ப எஞ்சினுக்குத்தான் ஜிஇ நிறுவனம் டைட்டானியத்துக்குப் பதிலாக கார்பன்-பிஎம்ஆர்-15-இல் வெளிக் குழாய் செய்து காட்டியது. இதன் மூலப்பொருளில் ஒன்று எம்டிஏ. கல்லீரலைக் கெடுக்கும், புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று வகைப்படுத்தப்பட்டது. பின்னால் வந்த பாலிஇமைடுகளில் பல அதைத் தவிர்க்கவே உருவாக்கப்பட்டவை. மேலே சொன்ன டிடிஎம் ஹார்டனரும் எம்டிஏவும் ஒரே பொருள்தான் என்பதையும் மனதில் வையுங்கள்.

தாலோநைட்ரைல் என்று இன்னொன்றும் உண்டு. அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் வளர்ந்தது. 375 டிகிரி வாக்கில் நீண்ட போஸ்ட் க்யூர் கொடுத்தால் டிஜியே கண்ணுக்குத் தட்டுப்படாது. புதிதாக வருபவர் பெயரைத் தெரிந்துவைத்தால் போதும்.

கலவைக் கணக்கு

ஹார்டனரைக் கண்மதிப்பில் ஊற்றும் பழக்கம் பாலியெஸ்டரிலிருந்து வருவது. அங்கே கேட்டலிஸ்ட் கொஞ்சம் கூடினால் சீக்கிரம் இறுகும், குறைந்தால் தாமதமாகும், அவ்வளவுதான். எபாக்ஸியில் ஹார்டனரே வலையின் ஒரு பாதி. கூடினாலும் குறைந்தாலும் வலையில் கண்ணி அறுந்துபோகும், டிஜி விழும். "சீக்கிரம் செட் ஆகணும், ஹார்டனர் கொஞ்சம் கூட ஊத்துண்ணே" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுத் தராசைப் பாருங்கள்.

கணக்கு எளிது. ஹார்டனரின் அமீன் ஹைட்ரஜன் சமான எடையை 100-ஆல் பெருக்கி, ரெசினின் எபாக்ஸி சமான எடையால் வகுத்தால், நூறு கிராம் ரெசினுக்கு எத்தனை கிராம் ஹார்டனர் என்று வரும். டிடிஎம்மின் சமான எடை சுமார் 49.6. எல்ஒய்556-க்குச் சுமார் 187. வகுத்தால் 26.5. டேட்டாஷீட்டில் நூறுக்கு 27 என்று போட்டிருப்பது எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா? எச்ஒய்951-க்கு நூறுக்குப் பத்து முதல் பன்னிரண்டு என்று தயாரிப்பாளரே கொடுத்திருக்கிறார். தயாரிப்பாளர் கொடுத்த விகிதம் இருந்தால் அதையே பின்பற்றுங்கள், கணக்கு சரிபார்ப்பதற்கு மட்டும்.

0.1 கிராம் காட்டும் தராசு வாங்கச் சொல்லுங்கள். இருபது கிராம் கலவையில் இரண்டு கிராம்தான் ஹார்டனர். அதில் அரை கிராம் தப்பினால் கால்பங்கு தப்பு. கலக்கும்போது டப்பாவின் ஓரத்தையும் அடியையும் சுரண்டிக் கலக்க வேண்டும். பிறகு வேறு டப்பாவுக்கு மாற்றி மறுபடி ஒருமுறை கலக்குங்கள். கலக்காத ரெசின் ஓரத்தில்தான் ஒட்டியிருக்கும்.

நிறையக் கலந்து ஒரே டப்பாவில் வைக்காதீர்கள். இறுகும்போது வரும் சூடு வெளியேற வழியில்லாமல் தன்னையே சூடேற்றிக்கொண்டு புகைய ஆரம்பிக்கும். அகலமான தட்டில் பரப்பி வைத்தால் அந்தப் பயம் இல்லை.

பிரிப்ரெக் வந்தால்

ரெசின் ஏற்கெனவே தோய்த்த துணி மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இருக்கும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். குளிர்ந்த துணிமேல் காற்றின் ஈரம் வியர்த்து உட்காரும், பிறகு அது லேமினேட்டுக்குள் (அடுக்கிச் செய்யும் பாகத்துக்குள்) போய்விடும். பையின் வெளிப்பக்கம் வியர்ப்பது நின்று அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியே கிடக்கட்டும். பெரிய ரோல் என்றால் முந்தின நாள் சாயங்காலமே எடுத்துவைத்துவிட்டுப் போவார்கள். ரோல் எத்தனை மணி நேரம் வெளியில் இருந்தது என்று கார்டில் எழுதுவது உங்கள் வேலை என்றால், அதைச் சரியாக எழுதுங்கள்.

அடுக்கும் அறை 20 டிகிரிக்கு ஒட்டியும், ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழும் இருந்தால் நல்லது. இந்த ஊர்க் குளிர்ச்சியைப் பார்த்து ஏமாறவேண்டாம். ஆகஸ்டில் ஜன்னலைத் திறந்துவைத்தால் ஹைக்ரோமீட்டர் உண்மையைச் சொல்லும்.

டூல்

பாகத்தை எதன்மேல் அடுக்குகிறோமோ அந்த அச்சுதான் டூல். சூட்டில் டூலும் வளரும். அலுமினியம் மீட்டருக்கு ஒவ்வொரு டிகிரிக்கும் 23 மைக்ரான் நீளும். அறைச் சூட்டிலிருந்து 180-க்குப் போகும்போது ஒரு மீட்டர் டூல் மூன்றரை மி.மீ.க்கு மேல் நீளும். கார்பன் லேமினேட்டோ ஏறத்தாழ நீளாது. சிறிய தட்டைப் பாகத்துக்குப் பரவாயில்லை. பெரிய, வளைந்த பாகம் என்றால் அலுமினியம் வேண்டாம், எஃகு அல்லது இன்வார் (சூட்டில் மிகக் குறைவாக நீளும் இரும்பு-நிக்கல் உலோகம்), இல்லையென்றால் கார்பன் டூல்தான் சரி. சிறு ஷாப்பில் மர மோல்டிலும் கண்ணாடி நார் மோல்டிலும் 180 டிகிரி க்யூர் போடச் சொன்னால் அந்த மோல்டின் டிஜி என்ன என்று கேளுங்கள். பெரும்பாலும் யாருக்கும் தெரியாது.

பாகம் டூலில் ஒட்டாமலிருக்கப் பூசும் ரிலீஸ் ஏஜென்ட்டில் சாதாரண மெழுகும் பிவிஏவும் இந்தச் சூட்டுக்கு ஆகாது. சூடு தாங்கும் அரை-நிரந்தர வகையை மெல்லிய பூச்சாகப் பலமுறை பூசி, ஒவ்வொரு பூச்சுக்கும் உலர நேரம் கொடுங்கள்.

வேக்யூம் பேக்: பெங்களூருக்கு மட்டும் ஒரு கணக்கு

அடுக்கியதை ஒரு பைக்குள் மூடிக் காற்றை உறிஞ்சி அழுத்துவதுதான் வேக்யூம் பேக். அடுக்கி முடித்ததும் பீல் ப்ளை (பிறகு உரித்தெடுக்கும் துணி), துளையிட்ட ரிலீஸ் ஃபிலிம், பிளீடர் (மிஞ்சிய ரெசினை உறிஞ்சுவது), பிரீதர் (காற்று போக வழிவிடுவது), மேலே பேகிங் ஃபிலிம், சுற்றிலும் சீலன்ட் டேப். இந்த வரிசை கைக்கு வந்துவிடும். புதியவர்கள் கவனிக்காதது இந்தச் சாமான்களின் சூட்டு எல்லை. நைலான் பேகிங் ஃபிலிம் 200 டிகிரி வாக்கில் முடிந்துவிடும். பிஎம்ஐ க்யூருக்கு அது எட்டும், பிஎம்ஆர்-15-க்கு எட்டாது. அங்கே காப்டன் ஃபிலிமும் அதற்கேற்ற சூடு தாங்கும் சீலன்ட்டும் வேண்டும். விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

அப்புறம் வேக்யூம் கேஜ். வெளிநாட்டு ஸ்பெக்கில் குறைந்தது 28 அங்குலம் மெர்க்குரி வேக்யூம் என்று போட்டிருப்பார்கள். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தமே 680 முதல் 690 மி.மீ. மெர்க்குரிதான், அதாவது சுமார் 27 அங்குலம். முழு வெற்றிடத்தை இழுத்தாலும் கேஜ் அதற்குமேல் காட்ட முடியாது. பம்ப் சரியில்லை என்று பம்பைக் கழற்றி மாட்டி அரை நாளை வீணாக்குவது இங்கே அடிக்கடி நடக்கும் கூத்து. இங்கே 28 காட்டும் கேஜ் இருந்தால்தான் சந்தேகப்படவேண்டும். ஸ்பெக்கை உள்ளூர்க் காற்றழுத்தத்துக்கு மாற்றி எழுதச் சொல்லி தரப்பிரிவிடம் கேளுங்கள், அல்லது முழு வெற்றிடத்திலிருந்து எண்ணும் கேஜ் போடுங்கள்.

இதன் பின்விளைவு ஒன்றும் உண்டு. ஆட்டோகிளேவ் இல்லாமல் வெறும் வேக்யூமில் ஓவனில் வேகவைத்தால் லேமினேட்டை அழுத்துவது வெளிக்காற்று மட்டும்தான், அதாவது இங்கே 0.9 பார். 180 டிகிரியில் தண்ணீரின் ஆவி அழுத்தம் சுமார் 10 பார். ரெசின் இறுகும் முன் லேமினேட்டுக்குள் ஈரம் இருந்தால் யார் ஜெயிப்பார்கள் என்று சொல்லவேண்டியதில்லை. ஆட்டோகிளேவில் 7 பார் கொடுப்பதும், பிரிப்ரெக்கை வியர்க்க விடாததும், ஓவனில் வேகவைப்பவர்கள் நடுச் சூட்டில் நீண்ட நேரம் நிறுத்தி ஈரத்தை இழுத்துவிடுவதும் இதற்காகத்தான்.

பேக் போட்டதும் பம்பை அடைத்து ஐந்து நிமிடம் பாருங்கள். 25 மி.மீ. மெர்க்குரிக்கு மேல் இறங்கினால் ஒழுகுகிறது என்று பொருள். பல ஷாப்களில் இதுதான் எல்லை, சில ஸ்பெக்குகள் இன்னும் கறாராக இருக்கும். அறைச் சூட்டில் லேசாக ஒழுகும் பேக் 180-இல் இன்னும் மோசமாகும், தானாகச் சரியாகாது.

சூடேற்றுவது

8552-இன் க்யூரை உதாரணமாக எடுத்தால், நிமிடத்துக்கு ஒன்று முதல் மூன்று டிகிரி வேகத்தில் 110-க்கு ஏற்றி ஒரு மணி நேரம் நிறுத்துவார்கள், பிறகு 180-க்கு ஏற்றி இரண்டு மணி நேரம். நடுவில் நிறுத்துவது சும்மா இல்லை. 110-இல் ரெசின் தண்ணியாகி துணிக்குள் பரவும், காற்றும் ஈரமும் வெளியேறும், தடித்த பாகத்தின் நடுவும் ஓரமும் ஒரே சூட்டுக்கு வரும். அவசரப்பட்டு நேராக 180-க்குத் தூக்கினால் தடித்த இடத்தில் ரெசினின் சொந்தச் சூடும் சேர்ந்து நடுப்பகுதி கருகும்.

ஓவன் டிஸ்ப்ளேயில் தெரிவது காற்றின் சூடு. பாகத்தின் சூடு வேறு. தடித்த டூல் என்றால் பாகம் அரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். தெர்மோகப்பிளை (சூட்டை அளக்கும் கம்பி) பாகத்தின் ஓரத்தில், வெட்டி எறியப்போகும் இடத்தில் பதியுங்கள். எது கடைசியாகச் சூடாகிறதோ அதை வைத்துத்தான் நேரம் எண்ணத் தொடங்கவேண்டும். கே டைப் தெர்மோகப்பிளும் சூட்டைக் கட்டுப்படுத்தும் பிஐடி கண்ட்ரோலரும் எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும். வாங்கியதும் கொதிக்கும் தண்ணீரில் போட்டுப் பார்த்து 100 காட்டவில்லையே என்று திருப்பிக் கொடுக்கப் போகாதீர்கள், இந்த உயரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதிக்கும்.

க்யூர் நடுவில் கரண்ட் போனால் வேக்யூம் போகாமல் பார்ப்பதுதான் முதல் வேலை. சூடு கொஞ்சம் இறங்கினால் சரிசெய்துகொள்ளலாம். ரெசின் ஜெல் ஆகும் முன் பேக் தளர்ந்தால் அந்தப் பாகம் அவ்வளவுதான்.

போஸ்ட் க்யூர்தான் உண்மையான படி. ரெசின் இறுக இறுக டிஜி உயரும். டிஜி க்யூர் சூட்டை எட்டிப் பிடித்ததும் மூலக்கூறுகள் அசைய இடமில்லாமல் வினை ஏறத்தாழ நின்றுபோகும். எந்தச் சூட்டில் வேகவைத்தீர்களோ அதற்குச் சற்று மேலேதான் டிஜி நிற்கும். மேலும் உயர்த்த மேலும் சூடு வேண்டும். ஆனால் மெதுவாக ஏற்றவேண்டும். அப்போதைய டிஜியை ஓவன் சூடு முந்திவிட்டால் பாகம் தன் எடையிலேயே தொய்ந்து வளையும். டூலிலிருந்து எடுத்துத் தனியாக போஸ்ட் க்யூர் செய்யும்போது கீழே தாங்கல் கொடுத்து, படிப்படியாக நிறுத்தி நிறுத்தி ஏற்றுங்கள். இறக்கும்போதும் அவசரம் வேண்டாம், 60 டிகிரிக்குக் கீழே வந்தபின் கதவைத் திறக்கலாம்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. எல்ஒய்556-உம் எச்ஒய்951-உம் நூறுக்குப் பத்து கலந்து, இரண்டு மி.மீ. தடிமனில் இரண்டு பட்டைகள் வார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் அறைச் சூட்டில் இறுகட்டும். ஒன்றை மட்டும் 60-க்கு ஏற்றி, பிறகு 80, பிறகு 100 என்று ஒவ்வொன்றிலும் ஓரிரு மணி நேரம் வையுங்கள். பிறகு இரண்டையும் கொதிக்கும் தண்ணீரில் ஒரு நிமிடம் போட்டு இடுக்கியால் எடுத்து வளைத்துப் பாருங்கள். ஒரே டப்பாக் கலவைதான். ஒன்று தோல் போல் வளையும், இன்னொன்று விறைப்பாக நிற்கும். புதிதாக வருபவர்களுக்கு முதல் வாரத்திலேயே இதைச் செய்யச் சொல்வது என் வழக்கம். செலவு ஒரு டீக்காசு.

சரிபார்ப்பது

ஒவ்வொரு பாகத்தோடும் அதே பேக்கில் ஒரு சிறு தட்டை வேகவையுங்கள். சோதனைக்கு வெட்டுவது அதைத்தான். டிஎஸ்சி (சூடேற்றும்போது வினையில் வரும் வெப்பத்தை அளக்கும் கருவி) ஓட்டினால் மிச்சம் எவ்வளவு வினை பாக்கி இருக்கிறது என்று தெரியும், டிஎம்ஏ டிஜியைச் சொல்லும். ஷாப்பில் கருவி இல்லையென்றால் வெளியே கட்டணத்துக்கு ஓட்டிக்கொடுக்கும் சோதனைக்கூடங்கள் உண்டு. இந்திய அறிவியல் கழகமும் என்ஏஎல்லும் (தேசிய வானூர்தி ஆய்வகம்) இருக்கிற ஊர் என்பதால் விவரம் தெரிந்த ஆள் கிடைப்பது கஷ்டமில்லை. அந்தத் தட்டில் வெட்டிய துண்டை (கூப்பன்) அனுப்பும்போது எந்த டிஜி வேண்டும், உலர்ந்ததா ஈரமா என்று எழுதி அனுப்புங்கள். எழுதாவிட்டால் டான் டெல்டா உச்சம்தான் வரும். பாகத்தை நாணயத்தால் தட்டிப் பார்ப்பது பழைய முறை, ஆனாலும் அடுக்கு பிரிந்த இடத்தில் சத்தம் மந்தமாகிவிடும். நம்பகமான பதில் வேண்டுமென்றால் அல்ட்ராசோனிக்.

கையும் மூச்சும்

அமீன் ஹார்டனர் தோலில் பட்டால் முதல் சில மாதம் ஒன்றும் தெரியாது. ஒருநாள் திடீரென்று ஒவ்வாமை வரும், வந்தால் போகாது. அதற்குப் பிறகு எபாக்ஸி பக்கமே போகமுடியாமல் வேலையை விட்டவர்கள் இந்தத் துறையில் இருக்கிறார்கள். நைட்ரைல் கையுறை போடுங்கள், கிழிந்தால் உடனே மாற்றுங்கள். கையில் பட்ட ரெசினை அசிட்டோனாலோ தின்னராலோ கழுவாதீர்கள். அது ரெசினைக் கரைத்துத் தோலுக்குள் இன்னும் ஆழமாக அனுப்பும். சோப்பும் தண்ணீரும் போதும். டிடிஎம் பொடியை எடைபோடுவது புகைக்கூண்டுக்குள் மட்டும். பினாலிக் ஓவனைத் திறக்கும்போது ஃபார்மால்டிஹைடு முகத்தில் அடிக்கும், எக்ஸாஸ்ட் ஓடட்டும். தூசி முகமூடி ஆவியைத் தடுக்காது, ஆவிக்கு கார்பன் கார்ட்ரிட்ஜ் உள்ளது வேண்டும். கார்பன் லேமினேட் அறுக்கும் தூசி மின்சாரம் கடத்தும் என்பதால் பேனல் போர்டு பக்கத்தில் அறுக்கவேண்டாம்.

மிஞ்சிய கலவையைக் குப்பையில் ஊற்றாதீர்கள், சாக்கடையில் அறவே கூடாது. மெல்லிய படலமாகத் தட்டில் பரப்பி, அடுத்த முறை ஓவன் ஓடும்போது உள்ளே வைத்து இறுக்கிவிட்டு, கெட்டியானதும் தனியாகச் சேர்த்து வையுங்கள். இறுகாத ஹார்டனரும் அசிட்டோன் துணியும் அபாயக் கழிவு. அதற்கு உரிமம் உள்ளவர் வந்து எடுத்துப்போகும்வரை மூடி போட்ட டிரம்மில், எப்போது போட்டது என்று சீட்டு ஒட்டி வைக்கவேண்டும்.